குல்லா இல்லாத சர்க்கரை

"என்னம்மா, மொட்டை இன்னும் உருகலையே?" என்றார் ஸ்வெட்டர் அண்ணன்.

ஐஸ் பெட்டிக்குள் இரண்டு டியூப்கள் நின்றன. ஒன்றுக்கு மஞ்சள் மூடி, இன்னொன்றுக்குக் கறுப்பு மூடி. மஞ்சள் மூடி போட்டது முழுக்கத் தண்ணீராகிவிட்டது. கறுப்பு மூடி போட்டதில் பாதிக்கு மேல் வெள்ளைக் கட்டி அப்படியே இருந்தது.

"உருகும்ணே. அதுக்கு என்ன அவசரம்?" என்றாள் சின்னவள்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. எப்பவும் மொட்டைதான் முதல்ல உருகும், அதுலதானே உப்பு ஜாஸ்தி? இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் தலைகீழா உருகிப் பாக்குறேன்."

சொல்லிவிட்டு அவர் நைட்ரஜன் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். உறைபெட்டி அறைக்கு அவர்தான் பொறுப்பு. கோடையிலும் அந்தப் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அந்த ஆய்வகத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

சின்னவள் சொட்டு எடுக்கிற பைபெட்டை மேசைமேல் வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது.

இந்த மொட்டை விவகாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது கால்நடை நோய்களுக்கான ஆய்வகம். மாட்டுக்கும் எலிக்கும் வருகிற கொரோனா வைரஸ்களைச் சின்னவளின் அறையில் பார்க்கிறார்கள். அவற்றில் சிலவற்றின் மேல்புறத்தில், எல்லோரும் படத்தில் பார்த்த நீள முட்களுக்கு நடுவே, குட்டையாக இன்னொன்றும் நிற்கும். அது ஒரு நொதி. மிருகங்களின் மூக்கிலும் சளியிலும் இருக்கிற சர்க்கரைகள் சிலவற்றின் தலையில் ஒரு சின்னக் குல்லா உண்டு. ரசாயனக்காரர்கள் அதற்கு மூச்சு முட்டுகிற நீளத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அது நமக்கு வேண்டாம். வைரஸ் அந்தக் குல்லாவைப் பிடித்துத்தான் ஒட்டும். ஒட்டிய இடம் உதவாது என்றால் இந்த நொதி குல்லாவைக் கழற்றி வைரஸை விடுவிக்கும். விடுபட்டது அடுத்த இடம் தேடிப் போகும்.

இதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. மாட்டுச் சர்க்கரையில் குல்லா ஒரு மூலையில் என்றால், குதிரைச் சர்க்கரையில் வேறொரு மூலையில். மாட்டு வைரஸின் நொதி மாட்டுக் குல்லாவை வெளுத்து வாங்கும், குதிரைக் குல்லாவை ஏறெடுத்தும் பார்க்காது. எலி வைரஸ் ஒன்றின் நொதிக்கோ குதிரைக் குல்லாதான் இஷ்டம். எந்த நொதி எதைக் கழற்றுகிறது என்று பார்ப்பதுதான் சின்னவளின் வேலை. கழன்ற குல்லா தண்ணீரில் வினிகர் அமிலமாகக் கரையும், அது எவ்வளவு என்று மெஷின் ஓர் எண் சொல்லும்.

குதிரை ரத்தத்திலிருந்து பிரித்த சர்க்கரைக்கு மஞ்சள் மூடி. அறையில் அதற்குப் பெயர் முழுசு. அதிலேயே கொஞ்சம் எடுத்துக் காரத்தில் போட்டு, குல்லாக்களை எல்லாம் உதிர்த்து, வினிகர் வாசனை போக உப்புத் தண்ணீரில் நாலு தடவை அலசி வைத்தது மொட்டை. அதற்குக் கறுப்பு மூடி. மெஷின் சும்மாவே எண் காட்டி ஏமாற்றுகிறதா என்று பார்க்க அந்த மொட்டை வேண்டும். உப்புத் தண்ணீரில் அலசியதால் அது சீக்கிரம் உருகும். இன்றைக்கு மஞ்சள் மூடி முதலில் உருகியிருக்கிறது என்றால், மஞ்சள் மூடிக்குள் இருப்பது மொட்டை.

அப்படியானால் நேற்று அவள் சோதித்ததும் மொட்டையைத்தான்.

எப்படி மாறியது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நேற்றுக் காலை டியூப்களின் மேல் படிந்த உறைபனியைச் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தபோது, பக்கத்தில் எழுதியிருந்த மை அழிந்துவிட்டது. அது வழக்கமாக நடப்பதுதான். மூடியின் நிறம்தான் இருக்கிறதே என்று அந்த அறையில் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. இரண்டையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து அளவு பார்த்தாள். மூடிகள் இரண்டும் இடது உள்ளங்கையில் இருந்தன. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா.

"என்னடி, ஆரம்பிச்சிட்டியா?"

"இப்பத்தான்க்கா. நீ அப்புறம் பேசு."

பேசிக்கொண்டேதான் மூடிகளைத் திருகினாள்.

குதிரைகள் அக்காவுடையவை. நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, பதினொரு குதிரைகளை வைத்துக்கொண்டு சவாரி கற்றுக்கொடுக்கிறாள். புருஷன் விட்டுப்போன பிறகு அந்தப் பதினொன்றும்தான் அவளுக்குக் குடும்பம். மூன்று வாரம் முன்பு பக்கத்துக் கொட்டகையில் கன்றுகளுக்குப் பேதி கண்டது. மாட்டுக் கொரோனாதான், ஆனால் கொஞ்சம் புதுசாகத் தெரிந்தது. பிறகு அக்காவின் குதிரைகளில் ஒன்று இருமத் தொடங்கியது. அது ஒரு பெண் குதிரை, முரடி என்று பெயர், அக்காவைத் தவிர யாரைக் கண்டாலும் பின்னங்காலைத் தூக்கும். அதன் மூக்கில் வைரஸின் தடயம் கிடைத்தது. அது உள்ளே போய் வளர்கிறதா, இல்லை பக்கத்துக் கொட்டகைப் புழுதி மூக்கில் ஒட்டிக்கொண்டதா என்று மற்ற சோதனைகள் கைவிரித்துவிட்டன. மிச்சம் இருந்தது நொதிச் சோதனை ஒன்றுதான். இந்த வைரஸின் நொதி குதிரைக் குல்லாவைத் தொடவில்லை என்றால் குதிரைகளை அந்தக் கொட்டகைப் பக்கத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். தொட்டால், ஒரு குதிரையும் வாசலைத் தாண்டக் கூடாது, வைரஸ் வளர்கிற குதிரைகளைக் கொன்றுவிட வேண்டும். துறை அதிகாரியின் உத்தரவு அது.

இது போதாதென்று சின்னவள் இன்னொரு காரியமும் செய்திருந்தாள். சோதனைப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: மாதிரிகளின் உரிமையாளர் உங்களுக்கு உறவா? அவள் 'இல்லை' என்று எழுதினாள். ஆமாம் என்று எழுதினால் மாதிரி வேறு ஆய்வகத்துக்குப் போகும், பத்து நாள் ஆகும். அக்காவும் போனில் அழுதிருந்தாள். "நீயே பாருடி. வேற எவன் கையிலயும் குடுத்துடாத." சின்னவள் குடுக்கவில்லை.

நேற்று முடிவு வந்தது. கன்று வைரஸின் நொதி மாட்டுச் சர்க்கரையை அடித்து நொறுக்கியது. குதிரைச் சர்க்கரையில் பூஜ்யம். சின்னவளுக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஆனால் பட்டியலில் இன்னொரு வரி இருந்தது. குதிரைக் குல்லாவை எப்போதும் கழற்றுகிற அந்த எலி வைரஸ் நொதி, சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சேர்ப்பது, அதுவும் பூஜ்யம்.

அறைக்குத் தலைவி டாக்டர். கறாரான பெண்மணி, எண்களை விரலால் தொட்டுத்தான் படிப்பார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "எலி என்சைம் பழசாயிடுச்சோ? எத்தனை தடவை உருக்கியிருப்போம்!" என்றார்.

"ஆமாம் மேடம், பழசுதான்" என்றாள் சின்னவள். உடனே சொன்னாள். அந்த நொதியைச் சின்னச் சின்ன டியூப்களில் பிரித்து வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிரித்து வைத்ததே அவள்தான்.

"சரி, நாளைக்குப் புதுசு எடுத்து, மொட்டையிலயும் எல்லா என்சைமையும் போட்டு, ஃபைலுக்காக ஒரு தடவை ஓட்டிடுங்க. அதிகாரி அவசரப்படுத்துறார், முதல் முடிவைப் போன்ல சொல்லிடுறேன்."

சொல்லிவிட்டார். சாயங்காலமே அனுமதி கிடைத்துவிட்டது. இன்று பதினொரு மணிக்கு லாரி. நாற்பது குதிரைகள் இருக்கிற பெரிய லாயம் ஒன்றில், அக்காவுக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

இப்போது மணி ஒன்பது பத்து.

அறையில் யாரும் இல்லை. கைகழுவும் தொட்டி இரண்டு எட்டில் இருந்தது. இரண்டு டியூப்களையும் அதில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. "தவறிக் கொட்டிட்டேன் மேடம், புதுசா செய்யணும்" என்றால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். புதிதாகச் செய்ய ஒரு வாரம் ஆகும். ஸ்வெட்டர் அண்ணன் உப்பையும் உருகுவதையும் மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார். சின்னவள் இதையெல்லாம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பிற்பாடு அவள் யாரிடமும் சொன்னதில்லை. டியூப்களைக் கையில் எடுக்கவும் செய்தாள்.

எடுத்தவள் தொட்டிப் பக்கம் திரும்பாமல், சோதனைக் குழிகள் வைத்த பிளேட்டை இழுத்தாள். ஒருவேளை உருகியதில்தான் ஏதோ கோளாறாக இருக்கலாம். ஐஸ் ஒரு பக்கம் குறைவாக இருந்திருக்கலாம். அண்ணனுக்கும் கண் சரியில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். கறுப்பு மூடியிலிருந்து எடுத்து மூன்று குழிகளில் விட்டாள். ஒன்றில் நொதி ஏதும் இல்லை, ஒன்றில் புது எலி நொதி, ஒன்றில் கன்று வைரஸின் நொதி. மஞ்சள் மூடியிலிருந்தும் அதே மூன்று. ஒரு குழி வீணானது, அதைத் திரும்பப் போட்டாள். அரை மணி நேரம் சூட்டில் இருக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரம் நகர்வேனா என்றது. போன் இரண்டு தடவை அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"லாரி சீக்கிரமே வந்துடுச்சுடி" என்றாள் அக்கா. குரலில் சந்தோஷம் வழிந்தது. "எட்டு பேர் ஏறியாச்சு. முரடி மட்டும் வழக்கம்போல ஆட்டம் காட்டுறா. டிரைவரு அவளைப் பாத்து அந்தப் பக்கம் ஓடிட்டாரு."

"அக்கா, பதினொண்ணுக்குத்தானே சொன்ன?"

"வந்த வண்டியை நிக்க வெச்சா பூஜை பண்ணுவாங்க? ஏன், என்ன?"

இன்னும் எண் வரவில்லை. வராத எண்ணுக்காக எட்டுக் குதிரைகளை இறக்கச் சொல்வதா? "ஒண்ணும் இல்ல. ஒரு... ஒரு மணி நேரம் பொறுக்க முடியுமா?"

"எதுக்கு?"

"ஃபைல் வேலை ஒண்ணு பாக்கி இருக்கு."

"அட போடி! உன் ஃபைலும் நீயும்" என்று சிரித்துவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மெஷின் எண்களைத் துப்பியது. மஞ்சள் மூடி: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கறுப்பு மூடி: நொதி இல்லாத குழியில் பூஜ்யம். எலி நொதி போட்டதில் எண் உச்சிக்கே போய் நின்றது. கன்று நொதி போட்டதில் அதில் பாதி.

அந்தப் பாதியை அவள் மூன்று தடவை பார்த்தாள். எந்த மாட்டு நொதியும் இதுவரை குதிரைக் குல்லாவில் இவ்வளவு காட்டியதை அவள் பார்த்ததில்லை. குல்லாவே இல்லாத தலையைக் கொடுத்துவிட்டு, குல்லாவைக் கழற்றத் தெரியாத வைரஸ் என்று நேற்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது அவள். அவள் அழவில்லை, அழ நேரமும் இல்லை. நோட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"மேடம், மூணு விஷயம் சொல்லணும். நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா என்னால சொல்ல முடியாது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து முழுசும் மொட்டையும் மூடி மாறிடுச்சு. மாத்திப் போட்டது நான். இன்னைக்கு ஓட்டிப் பாத்தேன், கன்று என்சைம் குதிரைக் குல்லாவைக் கழட்டுது. பாதிக்குப் பாதி." தாளை மேசையில் வைத்தாள். "ரெண்டாவது, எலி என்சைம் பழசு இல்ல. அது எனக்கு நேத்தே தெரியும். மூணாவது, அந்தக் குதிரைங்க என் அக்காவோடது."

டாக்டரின் விரல் தாளின் மேல் வரி வரியாக இறங்கியது. கடைசி வரியில் நின்றது.

"கூடப்பிறந்த அக்காவா?"

"ஆமாம் மேடம்."

"படிவத்துல?"

"இல்லைன்னு போட்டேன்."

"அப்போ நான் ஒண்ணு கேக்கணும். கேக்காம இருக்க முடியாது." டாக்டர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "மூடி தானா மாறிச்சா, நீங்க மாத்தினீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று படிக்கட்டு ஏறும்போதே சின்னவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. பதினாறு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவள் அவள், ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை. "தானா மாறிச்சு மேடம். ஆனா நம்புங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. உறவு இல்லைன்னு எழுதினதும் இதே கைதானே?"

டாக்டர் தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "பூஜ்யத்தைப் பாத்ததும் நேத்தே நிறுத்தியிருக்கணும். பழசுன்னு முதல்ல வாயைத் திறந்தது நான்தான். அது என் தலையில. மிச்சம் உங்க தலையில, அதை அப்புறம் பேசலாம். வண்டி எங்க இருக்கு இப்போ?" என்றார்.

அதிகாரிக்கு டாக்டர் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். போய்ச் சேரப்போகிற லாயத்தின் போன் எண் அனுமதித் தாளில் இருந்தது, தாள் அதிகாரியின் மேசையில் இருந்தது. டாக்டர் யாரையோ அதட்டி அந்தத் தாளைத் தேடச் சொன்னார். தேடுகிறோம் என்றார்கள். அவர்கள் தேடுகிற வேகம் ஊருக்கே தெரிந்ததுதான்.

"நீங்க அக்காவைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர். "இங்கயே, என் முன்னாடியே."

அக்கா லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எடுத்தவுடன் காற்றின் இரைச்சலும், பின்னால் மரப்பலகையில் குளம்புகள் தட்டுகிற சத்தமும் கேட்டது.

"அக்கா, வண்டியைத் திருப்பு."

"என்னது? பத்தேகாலுக்கே கிளம்பியாச்சேடி."

"வண்டியைத் திருப்பச் சொல்லு. நேத்து சொன்னது தப்பு. நான்தான் தப்புப் பண்ணிட்டேன், டியூப்பு மாறிடுச்சு. அந்த வைரஸ் குதிரைக்கு வரும்க்கா."

"நேத்து நீதானே சொன்ன, ஒண்ணுமே இல்லைன்னு? பூஜ்யம்னு சொன்னியே. நான் அழுதேனேடி!"

"நானும்தான் அழுதேன்."

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்போ மேடத்துக்கு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் டிரைவர் இருக்கிறார். "நான் கேட்டேனா? ஏண்டி, நான் உன்னைத் திரும்ப ஓட்டிப் பாருன்னு கேட்டேனா? திரும்பினா எவனோ என் முரடிக்கு ஊசி போட வருவான். உன் கையாலதான் அவளுக்குப் பேரே வெச்ச. அவளைக் கொல்லச் சொல்றியா?"

"அங்க நாப்பது குதிரை இருக்குக்கா."

"அது என் குதிரை இல்ல."

"அக்கா..."

"வைடி போனை" என்றாள் அக்கா. அவளே வைத்துவிட்டாள்.

சின்னவள் மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சின்னவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்தேகாலுக்குக் கிளம்பிய வண்டி, ஒரு மணி நேரப் பாதை. இப்போது பத்தே முக்கால். டாக்டர் எதிரில் நிற்பதையும் மறந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் போர்வையை இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பாள், அரை மணி கழித்துப் பேசாமல் பாதியைத் தள்ளிவிடுவாள். அந்த அரை மணிதான் இப்போது இல்லை.

ஸ்வெட்டர் அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகங்களைப் பார்த்ததும் எதற்கு வந்தார் என்பதை மறந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

பதினொன்றே காலுக்கு அதிகாரியே கூப்பிட்டார். தாள் கிடைத்துவிட்டது. டாக்டர் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி லாயத்துக்குப் போன் போடுவதாகச் சொல்லிவிட்டு வைத்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. டாக்டர் கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். மறுபடி "சரி" என்றார். சின்னவளுக்கு அந்த இரண்டு சரியிலும் உயிர் போய்ப் போய் வந்தது.

"வண்டி உள்ள போகல" என்றார் டாக்டர். "வாசல்காரன் சொன்னானாம், கேட்டுக்கு முன்னாடி வந்து ஒரு லாரி கொஞ்ச நேரம் நின்னுச்சாம். கேட்டைத் திறக்கப் போனா, ஒரு அம்மா இறங்கி, வேண்டாம்னு கையைக் காட்டிட்டு, வந்த வழியே திருப்பிக் கொண்டு போயிட்டாங்களாம். அதிகாரி போன் போட்டப்போ அது நடந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு."

அப்போதுதான் சின்னவள் அழுதாள். டாக்டர் தடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, வேறு காகிதத்தைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் பிற்பகல், அக்காவின் லாயத்து வேலிக்கு வெளியே சின்னவள் நின்றாள். விசாரணை முடியும்வரை அவள் எந்த மாதிரியையும் தொடக் கூடாது என்று காலையிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். வேலியையும் தொடக் கூடாது என்று டாக்டர் வாயால் சேர்த்துச் சொல்லியிருந்தார். அப்புறம் அவளை ஏன் கூட்டி வந்தார் என்றால், அதற்கு முரடிதான் காரணம். பதினொரு குதிரைகளின் மூக்கிலிருந்தும் புதிதாக மாதிரி எடுக்க வேண்டும். எதற்குள் வைரஸ் வளர்கிறது, எதற்குள் இல்லை என்பதை அதுதான் சொல்லும். பத்துக் குதிரைகளை அரசு வைத்தியர் ஒழுங்காக முடித்தார். பதினொன்றாவதிடம் போனார். இப்போது அவர் தொடையில் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார்.

"வேற யாரும் வேண்டாம், நானே எடுக்குறேன்" என்று அக்கா வைத்தியரிடம் சொல்லியிருந்தாள். "எப்படின்னு சொல்ல மட்டும் ஒரு ஆள் நிக்கட்டும்." யார் என்று அவள் சொல்லவில்லை. டாக்டர் சின்னவளைப் பார்த்து, வேலிப் பக்கம் தலையை அசைத்தார்.

அக்கா வெள்ளைப் பாதுகாப்பு உடையைத் தலையிலிருந்து கால்வரை மாட்டியிருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. தங்கை நின்ற பக்கம் அந்தக் கண்கள் திரும்பவே இல்லை. முரடியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காதுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். முரடி இரண்டு தடவை இருமியது.

"நேரா உள்ள விடுக்கா" என்றாள் சின்னவள். "கீழ்ப்பக்கமா. இன்னும் கொஞ்சம். மெதுவா சுத்து."

நீளக் குச்சி உள்ளே போனது. முரடி ஒரு தரம் உடம்பை உதறியது. அக்காவின் கை அசையவில்லை.

"அஞ்சு வரைக்கும் எண்ணு. இப்போ வெளிய எடு. டியூப்புக்குள்ள விட்டு, குச்சியை மேல உடைச்சிடு. மூடியை இறுக்கித் திருகு."

அக்கா அப்படியே செய்தாள். டியூப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதற்குள் இருப்பது என்ன சொல்லப்போகிறது என்று இருவருக்கும் பயம் இருந்தது, இருவருமே அதைச் சொல்லவில்லை. உடையின் மேல்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அப்போதுதான், அன்று முதல் தடவையாக, தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கடி எழுதணும்?" என்றாள். "மூடியிலயா, டியூப்புலயா?"

சின்னவள் வேலியைப் பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டுலயும்க்கா."

அக்கா முதலில் டியூப்பில் எழுதினாள். மை காயும்வரை ஊதப் பார்த்து, முகக்கவசம் இருப்பது நினைவுக்கு வந்து, கையை ஆட்டிக் காயவைத்தாள். பிறகு மூடியிலும், இடம் போதாத அந்தச் சின்ன வட்டத்துக்குள், முரடி என்று முழுசாக எழுதினாள்.